கிராஃப் இருக்கிறது, அட்டையை நாமே குத்துவோம்: ராஸ்பெர்ரி பையில் ‘ஃபெ’ கம்பைல் செய்வது

டிவியில் படம் வரவில்லை. டெர்மினலில் ஒரே செய்தி, கோப்புக்குக் கோப்பு திரும்பத் திரும்ப ஓடியது: திறக்க முடியவில்லை, ஈ-ஓவர்ஃப்ளோ, ஸ்டாட்64=1 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்தால் சரியாகும். பிழைச் செய்தியே மருந்தையும் சேர்த்துச் சொல்வது அபூர்வம். ஆனாலும் அந்த ஒரு வரியைச் செய்து முடிக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. உங்களுக்கு ஒரே சாயங்காலத்தில் முடிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னிமலை. அப்பா பெட்ஷீட் டிசைனுக்குக் கிராஃப் போடுகிறவர். மயில், அன்னம், கோபுரம், தேர் என்று அவர் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிய தாள்கள் பரண் மேல் இரும்புப் பெட்டி நிறைய இருந்தன. மடிப்பில் கிழிந்தவை, கரையான் ஓரம் தின்றவை எல்லாம் அதில் உண்டு. மிச்சமாவது தப்பட்டும் என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். கரூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வரும் வியாபாரிகள் முன்னறையில் உட்காரும்போது அவை டிவியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும். டிவிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை 3 பி என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், 1 ஜி.பி. மெமரி, 32 பிட் இயங்குதளம். படம் காட்ட நான் எடுத்தது ‘ஃபெ’ (ஆங்கிலத்தில் எஃப், இ, ஹெச்). மெனு, பட்டன் எதுவும் கிடையாது. கட்டளை கொடுத்தால் திரை முழுக்கப் படம் மட்டும் நிற்கும். சி மொழியில் எழுதிய சின்ன நிரல். ஜேபெக், பிஎன்ஜி போன்றவற்றைப் பிரித்துப் படிக்கும் வேலையை இம்லிப்2 என்ற நூலகம் பார்த்துக்கொள்கிறது.

ஏன் திறக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எண் என்று ஒரு எண் உண்டு. பழைய 32 பிட் முறையில் கம்பைல் செய்த நிரல் அந்த எண்ணுக்கு ஒதுக்கும் இடம் 32 பிட்தான், அதாவது 429 கோடிச் சொச்சம் வரை. நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் 64 பிட் கம்ப்யூட்டர் அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் அடங்காது. நிரல் படத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. தறியில் டிசைனுக்குத் தகுந்தபடி பாவு நூலைத் தூக்குவது ஜக்கார்டு. 240 ஹூக் ஜக்கார்டில் 400 ஹூக் டிசைனை ஏற்ற முடியாதது போலத்தான். டிசைனிலும் குறையில்லை, தறியிலும் குறையில்லை.

அப்பாவிடம் கம்பைல் என்றால் என்னவென்று சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். மனிதர் படிக்கிற மாதிரி எழுதிய நிரல்தான் சோர்ஸ், அதை மெஷின் படிக்கிற மாதிரி மாற்றுவது கம்பைல் என்றேன். “அப்பொ கிராஃப் இருக்குது, அட்டையை நீதான் குத்தோணும்னு சொல்லு கண்ணு” என்றார். அவ்வளவுதான் விஷயம். கிராஃபை அப்படியே தறியில் மாட்ட முடியாது. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்றாகத் துளை போட்டுக் கோத்தால்தான் ஜக்கார்டு படிக்கும். அடுத்தவர் குத்தி வைத்த அட்டை நம் தறிக்கு ஒத்து வந்தால் நல்லது. ஒத்து வரவில்லை என்றால் கிராஃபைக் கையில் எடுத்து நம் தறிக்குத் தகுந்தபடி நாமே குத்திக்கொள்ள வேண்டும். பைக்கு மென்பொருள் இறக்கித் தரும் ‘ஆப்ட்’ கட்டளை மூலம் வருவது முன்பே குத்திய அட்டை. சோர்ஸ் கையில் இருந்தால் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பது நம் முடிவு.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 64 பிட் ராஸ்பெர்ரி பை இயங்குதளம் போட்டால் இந்தச் சிக்கலே எழாது. பை 3 அதைத் தாங்கும். பகிர்ந்த ஃபோல்டரை மவுண்ட் செய்யும்போது, அதாவது பையோடு இணைக்கும்போது, ‘நோசெர்வரைனோ’ என்ற தெரிவைச் சேர்த்தாலும், பெரிய எண்ணை விட்டுவிட்டுப் பையே சொந்த எண் போட்டுக்கொள்ளும். அவசரம் என்றால் அதைச் செய்யுங்கள். 1 ஜி.பி. போர்டில் 32 பிட் கொஞ்சம் மெமரி மிச்சம் பிடிக்கும் என்பதால் நான் இயங்குதளத்தை மாற்றவில்லை. நிரலையே சரியாகக் கட்டிவிட்டால் எந்த ஃபோல்டரை எப்படி இணைத்தாலும் ஓடும் என்பதால் கம்பைல் பக்கம் போனேன்.

இனி வேலை. வெள்ளகோவிலில் இருக்கும் சித்தப்பா பையனுக்குப் போனில் சொன்னது போலவே கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். கோடு, சமக்குறி, எண் எல்லாம் நான் போட்ட இடத்திலேயே வர வேண்டும்.

முதலில் உங்கள் போர்டில் ஃபெ ஏற்கெனவே இருந்தால் ‘ஃபெ --வெர்ஷன்’ என்று கேளுங்கள். பதிப்பு எண்ணுக்குக் கீழே, கம்பைல் செய்யும்போது எந்தெந்தத் தெரிவுகள் போடப்பட்டன என்று ஒரு வரி வரும். அதில் ஸ்டாட்64 இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. என் கார்டில் இருந்த பழைய பிரதியில் அது இல்லை.

அடுத்தது கரண்ட். இதில்தான் ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. கம்பைல் ஆரம்பித்ததும் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி, கொஞ்ச நேரத்தில் போர்டு தானாக ரீஸ்டார்ட். பக்கத்துச் செட்டில் விசைத்தறி மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீட்டு டியூப்லைட் மங்கும், அதனால்தான் என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல. பழைய போன் சார்ஜரும் அதன் மெல்லிய ஒயரும்தான். சும்மா இருக்கும்போது பை குறைவாக இழுக்கும். நான்கு கோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது இழுவை கூடி, ஒயரிலேயே வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த மின்னல் குறி வரும். பை 3-க்கு 2.5 ஆம்பியர் தரும் சரியான அடாப்டர் வாங்குங்கள். பிறகு ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ என்று கேளுங்கள். 0எக்ஸ்0 என்று வந்தால் நலம். 0எக்ஸ்50000 என்று வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் போர்டு ஆன் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கி வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சூட்டைப் பார்க்க ‘விசிஜென்சிஎம்டி மெஷர்_டெம்ப்’. 80 டிகிரியைத் தொட்டால் போர்டு தானே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். சித்திரை மாதத்தில் டிவி முதுகில் ஒட்டிய பெட்டிக்குள் அது எளிதாகத் தொட்டுவிடும். கம்பைல் முடியும்வரை பெட்டியின் மூடியைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே வையுங்கள், போதும்.

நேரம் சரியா என்று ‘டேட்’ தட்டிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பை 3-இல் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால், நெட் கிடைத்து நேரத்தை வாங்கும்வரை அது பழைய தேதியிலேயே இருக்கும். அந்த நிலையில் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று டவுன்லோடு மறுக்கும். கம்பைல் வேலையை ஓட்டும் ‘மேக்’ கட்டளை, கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கட்டுமானம் முழுமை அடையாமல் போகலாம் என்று எச்சரிக்கும். சோர்ஸில் கோளாறு என்று நினைத்துத் தேடாதீர்கள். வைஃபையை இணைத்து, தேதி சரியான பிறகு தொடருங்கள்.

இப்போது தேவையான பொருட்கள். ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ கொடுத்துவிட்டு இதைத் தட்டுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்டு-எசென்ஷியல் லிப்இம்லிப்2-டெவ் லிப்எக்ஸ்11-டெவ் லிப்பிஎன்ஜி-டெவ் லிப்எக்ஸிஃப்-டெவ் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ்

பில்டு-எசென்ஷியல் என்பது கம்பைலரும் மேக்கும் அடங்கிய மூட்டை. கடைசியில் இருப்பது நெட்வொர்க் ஃபோல்டரை இணைக்க. நடுவில் உள்ளவற்றின் ‘-டெவ்’ வாலைக் கவனியுங்கள். இம்லிப்2 உங்கள் போர்டில் ஏற்கெனவே இருக்கலாம், ஆனால் அது ஓடுவதற்கான பாகம் மட்டும். கம்பைல் செய்ய அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும், அவை டெவ் மூட்டையில்தான் வரும். இம்லிப்2 புள்ளி ஹெச் என்ற கோப்பு இல்லை என்று கம்பைல் நின்றால் அந்த மூட்டை இறங்கவில்லை என்று அர்த்தம். வேறு எந்தப் பெயரில் ‘புள்ளி ஹெச் இல்லை’ என்று வந்தாலும் இதே வைத்தியம்தான். பிழைகள் இருபது வரி வந்தால் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். மேலே போய் முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

ஃபெயின் சோர்ஸ் அதன் சொந்தத் தளத்தில் டார் கோப்பாக, அதாவது ஒரே கட்டாகக் கட்டிய கோப்பாக, கிடைக்கிறது, கிட்ஹப்பிலும் இருக்கிறது. தளத்திலிருந்து வெளியீட்டுப் பதிப்பை எடுப்பதே எனக்குப் பிடித்த வழி. கிட்ஹப்பில் அன்றைக்கு மாற்றிக்கொண்டிருப்பதும் சேர்ந்து வரும். ‘டார் எக்ஸ்எஃப்’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஃபோல்டராக விரியும். ‘சிடி’ மூலம் உள்ளே போங்கள். உள்ளே இருக்கும் ரீட்மீ கோப்பை ஐந்து நிமிடம் வாசியுங்கள். எல்லாத் தெரிவுகளும் ஒரு அட்டவணையாக அதில் இருக்கின்றன, இயல்பாக எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதோடு.

நான் தேர்ந்தது இது:

மேக் -ஜே4 ஸ்டாட்64=1 எக்ஸிஃப்=1 கர்ல்=0 ஸினராமா=0

ஸ்டாட்64 நம் நோய்க்கு மருந்து. எக்ஸிஃப், கேமரா படத்துக்குள் எழுதி வைக்கும் விவரங்களைத் திரையில் காட்ட. தறியில் ஏற்றிய துணியைப் போனில் எடுத்த படங்களும் என் ஃபோல்டரில் இருப்பதால் வைத்துக்கொண்டேன். கர்ல், இணைய முகவரியிலிருந்து படம் இழுக்க. எனக்கு வேண்டாம். ஸினராமா (முதல் எழுத்து எக்ஸ்), ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளுக்கு. எங்களிடம் ஒரே டிவி. இவை இரண்டையும் மூடியதால் அவற்றின் டெவ் மூட்டைகளை இறக்கும் வேலையும் மிச்சம். இன்னொன்று உண்டு, இனோட்டிஃபை. ஃபோல்டரில் கோப்பு மாறியதும் தானாகப் புதுப்பிக்கும். படங்கள் பையின் கார்டிலேயே இருந்தால் அதை 1 என்று வையுங்கள். நெட்வொர்க் ஃபோல்டரில் வேறு கம்ப்யூட்டர் செய்யும் மாற்றம் அதற்குத் தெரியாது, ஆகவே நான் போடவில்லை.

‘-ஜே4’ என்றால் நான்கு வேலையை ஒரே நேரத்தில் செய் என்று பொருள். ஃபெ சின்ன நிரல், 1 ஜி.பி.யில் நான்கும் தாராளமாக ஓடும், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெரிய சி பிளஸ் பிளஸ் நிரல்களில் அப்படி ஓட்டக் கூடாது. இதற்கு முன் பட்டன்களெல்லாம் உள்ள வேறொரு படம்காட்டியைக் கட்டப் பார்த்தேன். பாதியில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றது. மெமரி தீர்ந்து, இயங்குதளமே கம்பைலரை நிறுத்திவிட்டது. அப்படி வந்தால் -ஜே1 என்று மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால், மெமரி தீரும்போது கைகொடுக்க கார்டில் ஒதுக்கும் இடமான ஸ்வாப்பைக் கூட்டுங்கள். என் கார்டில் அது 100 எம்.பி. இருந்தது. டிஃபிஸ்-ஸ்வாப்ஃபைல் (முதல் சொல் டி, பி, ஹெச், ஒய், எஸ்) அமைப்புக் கோப்பில் 1024 ஆக்கிக் கம்பைல் முடிந்ததும் பழையபடி குறைத்துவிட்டேன். எஸ்.டி. கார்டில் ஓயாமல் எழுதினால் அதன் ஆயுள் குறையும்.

இரண்டாவது சாயங்காலம் போனது இந்த இடத்தில்தான். முதலில் வெறும் ‘மேக்’ கொடுத்துக் கட்டிவிட்டேன். தெரிவு போட மறந்தது நினைவு வந்து, ‘மேக் ஸ்டாட்64=1’ என்று மறுபடி கொடுத்தேன். செய்ய ஒன்றுமில்லை என்றது. சரி, ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்து நிறுவினேன். அதே ஈ-ஓவர்ஃப்ளோ. மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டும்தான். சோர்ஸ் மாறவில்லை என்றால், நீங்கள் என்ன தெரிவு மாற்றினாலும் பழைய துண்டுகளையே வைத்துக்கொள்ளும். தெரிவை மாற்றும்போதெல்லாம் முதலில் ‘மேக் க்ளீன்’. குத்திய அட்டையில் துளையை இடம் மாற்ற முடியாது, புது அட்டைதான் குத்த வேண்டும்.

நிறுவ, அதே தெரிவுகளோடு:

சூடோ மேக் இன்ஸ்டால் ஸ்டாட்64=1 எக்ஸிஃப்=1 கர்ல்=0 ஸினராமா=0

இது யூஎஸ்ஆர் லோக்கல் பகுதியில் போய் உட்காரும். ஆப்ட் போட்ட பழையது யூஎஸ்ஆர் பின்னில் அப்படியே இருக்கும். பழையதை ஒரு முறையாவது ஓட்டிய டெர்மினல் அதன் இடத்தை நினைவில் வைத்திருக்கும், புதியதை விட்டுப் பழையதையே கூப்பிடும். ‘ஹேஷ் -ஆர்’ தட்டுங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறங்கள். பிறகு ‘ஃபெ --வெர்ஷன்’. அந்த வரியில் ஸ்டாட்64 என்று பார்த்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். வேண்டாம் என்று தோன்றினால் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்து ‘சூடோ மேக் அன்இன்ஸ்டால்’ எடுத்துவிடும். அதனால் ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

கடைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இணைக்கும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: மவுண்ட் தெரிவுகளில் ‘ஆர்ஓ’ சேருங்கள், படிக்க மட்டும் என்று. ஃபெ ஓடும்போது டெலீட் விசை படத்தைப் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் கோப்பையே அழித்துவிடும். கீபோர்டு முன்னறையில் கிடக்கிறது, குழந்தைகள் வருகிறார்கள். அந்தத் தாள்களில் பல இப்போது கிழிசலாகக்கூட இல்லை, ஸ்கேன் மட்டும்தான் மிச்சம். பை ஆன் ஆகும்போது எதை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதும்போது ‘நோஃபெயில்’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பை பாதியில் நிற்காமல் முழுதாக ஆன் ஆகும்.

ஓட்டும் கட்டளை:

ஃபெ -எஃப் -இசட் -ஒய் -டி 12 --ரீலோடு 600

எஃப், இசட் இரண்டும் பெரிய எழுத்தில்: முழுத்திரை, திரைக்குத் தக்கபடி பெரிதாக்கு. ஒய்யும் பெரிய எழுத்து, மவுஸ் அம்பை மறைக்கும். டி பெரிய எழுத்து, படத்துக்கு 12 நொடி. ரீலோடு 600 என்பது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்வது. இனோட்டிஃபை இல்லாத குறைக்கு இது. கடைசியில் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். ப்ரீலோடு தெரிவைப் போட வேண்டாம். எல்லாப் படத்தையும் முதலிலேயே திறந்து பார்க்கும், நெட்வொர்க்கில் அது ஆமை வேகம். டிவி சிறிது நேரத்தில் கறுப்பாகிவிட்டால், எக்ஸ்11 திரையில் ‘எக்ஸ்செட் எஸ் ஆஃப்’, ‘எக்ஸ்செட் -டிபிஎம்எஸ்’ இரண்டும் கொடுத்தால் அணையாது.

படம் மாற நேரம் எடுத்தால் ஸ்கேன் அளவைப் பாருங்கள். ஏ3 தாளை 600 டிபிஐயில் எடுத்திருந்தேன். 7016-க்கு 9921 புள்ளிகள். ஜேபெக் கோப்பு சின்னதாகத்தான் தெரியும். ஆனால் திரையில் காட்ட அதை விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 278 எம்.பி. ஒரே படத்துக்கு! மொத்த மெமரியே 1 ஜி.பி. அதை 300 டிபிஐ ஆக்கியதும் 70 எம்.பி.யாக இறங்கியது. கிராஃபின் சின்னக் கட்டமும், அப்பா பென்சிலில் போட்ட ஊடை எண்ணும் 300-லேயே தெளிவாகத் தெரிகின்றன. 600-இல் எடுத்த மூலத்தைத் தனி ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டு, டிவிக்கு இந்தப் பிரதியைக் கொடுங்கள்.

போன வாரம் கரூரிலிருந்து வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து டிவி பக்கம் போனார். “ஏனுங் அம்மிணி, இந்த மயிலைக் கொஞ்சம் நிறுத்துங்க, கிட்டக்கப் பார்க்கோணும்.” ஹெச் விசையை அழுத்தினால் ஓட்டம் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். மேல் அம்பு பெரிதாக்கும், கீழ் அம்பு சிறிதாக்கும். பெரிதாக்கியதும் தோகையின் ஒவ்வொரு கட்டமும் விரல் நகம் அளவுக்கு வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழாமலே அதன் பாவுக் கணக்கைச் சொன்னார்.

வெள்ளகோவில் தம்பி இதையே பை ஜீரோ 2 டபிள்யூவில் செய்தான். அதில் 512 எம்.பி.தான். “அக்கா, -ஜே4 போடலாமா?” என்று கேட்டான். டெஸ்க்டாப்பை மூடிவிட்டு -ஜே2 போடச் சொன்னேன், முடிந்தது. இருவருமே தெரிவு வரியைச் சோர்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். இயங்குதளத்தை அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றியபின் இம்லிப்2 நூலகம் காணோம் என்று ஃபெ ஓட மறுத்தால், டெவ் மூட்டைகளை மறுபடி இறக்கி, ‘மேக் க்ளீன்’ கொடுத்து, அந்த வரியை அப்படியே தட்டினால் போதும்.